அக்கி எழுதிய நெற்றி

வகுப்பறைக்குள் பாம்பு புகுந்துவிட்டதென்று பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நிற்கையில், தனசேகரன் சார் கதவை இறுகப் பிடித்தபடி, குரல் நடுங்க, "இதுக்கு ஏன் கொம்பேறி மூக்கன்னு பேரு? சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்பார். யாராவது கம்போடு வந்து அதை வெளியேற்றும்வரை பெயர் விளக்கம் நடக்கும். வடக்கனந்தலில் விலங்கியல் நடத்தும் அவருக்குப் பாம்பென்றால் பயம். மின்னல், கேஸ் வாசனை, தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்ற சேதி, எல்லாமே பயம்தான். அதற்கு அவரிடம் ஒரு மருந்துண்டு. "பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிக்கினா பாதி பயம் போய்டும்பா" என்பார். எந்தச் சொல்லுக்கும் மூலம் தேடுகிறவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு 'மூலம் சார்' என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். காதில் விழாதவர்போல் போய்விடுவார்.

போன வாரம் இடது நெற்றி தீப்பட்டதுபோல் எரிந்தது. ஞாயிறு காலையில் அங்கே கொத்துக் கொத்தாகக் கொப்புளம்.

"அக்கிங்க இது" என்றாள் மனைவி தேவிப்ரியா. "பச்சமுத்து அண்ணன்கிட்ட எழுதிக்கினு வந்துடலாம்."

"அக்கினியிலேர்ந்து வந்த பேரு" என்றார் சார், பழக்கதோஷத்தில். பயம் போகவில்லை. ஆங்கிலப் பெயரை நினைத்துப் பார்த்தார். ஹெர்ப்பிஸ். கிரேக்கத்தில் ஊர்வது என்று பொருள். பாம்பு, பல்லிகளைப் படிக்கும் ஹெர்ப்பட்டாலஜிக்கும் அதே வேர்தான். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை வாய்பிளக்க வைத்த சங்கதி. கண்ணாடி முன் நின்றபோதுதான் அது உறைத்தது. ஊர்கிறதென்றால் எங்கேயோ போகிறது. நெற்றியிலிருந்து புருவத்துக்கு. புருவத்திலிருந்து?

"கண்ணுக்குப் போய்டுமா?"

கள்ளக்குறிச்சியில் கண் டாக்டர் மறுநாள்தான் வருவார். சார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பானை வனையும் பச்சமுத்து செங்காவியைக் கொட்டாங்குச்சியில் குழைத்து, கோழி இறகால் நெற்றியில் பூசி, நடுவே ஒரு சிங்கம் எழுதினார்.

"இன்னா சார் இப்பிடி நடுங்குறீங்க? சிங்கத்துக்கு வாலு கோணிக்கினு போவுது."

"ஏன் சிங்கம்?"

"பின்ன ஆட்டுக்குட்டியா எழுதுவாங்க? சிங்கத்தப் பாத்தாதான் அக்கி ஓடும்." இமைமேலும் மூக்கு நுனிவரையும் காவியை இழுத்துவிட்டார். "தண்ணி படக்கூடாது. தானா உதிரணும். பட்டுச்சோ, உள்ள எறங்கிடும்."

பூசிய இடம் குளிர்ந்தது. அன்று சார் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

திங்கள் காலை இடது கண் சிவந்திருந்தது.

கள்ளக்குறிச்சிக் கண் டாக்டரம்மா சிங்கத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கையிலிருந்த டார்ச்சைக் கீழே இறக்கினார். "மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புதான் சார் போவுது. மூக்குல கொப்புளம் இருந்தா கண்ணுக்கு ஆபத்து ஜாஸ்தி. காவி மறைக்குது. மூக்கையும் இமையையும் கழுவிட்டு வாங்க."

தேவிப்ரியா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. உள்ள எறங்கிடும்னாரு."

"கழுவலன்னா பார்வ போய்டுமாம், தேவி."

"எல்லாத்துக்கும் ஒரு பேரு சொல்வீங்களே. இப்ப சொல்லுங்க!"

சார் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

நெற்றிமேல் இடது கையைக் குடைபோலக் கவிழ்த்துக்கொண்டு, வலது கையால் மூக்கிலும் இமையிலும் மட்டும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். காவி கரைந்து தொட்டியில் செந்நீராக ஓடியது. மூக்கு நுனியில் கடுகளவு கொப்புளம் தெரிந்தது.

பின்னாலேயே வந்த டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "நல்லவேளை, வந்துட்டீங்க. மாத்திரைய இப்பவே போட்டுடணும்."

"சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார் சார். நெற்றியில் கவிழ்த்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.