சம்பந்தி வீட்டில் குடிக்காத காபி

பெண் பார்க்கப் போன வீட்டில் காபியைத் தொடாமல் வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவில் நான் குடிக்கவில்லை.

மறுநாள் நான் மருந்து ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு மாத்திரை கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்க்கிற இடம் அது. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே காபி, டீ, சாக்லேட் கூடாது என்று அங்கிருக்கும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாக்லேட்டை விடுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

"ஆராய்ச்சி கீராய்ச்சின்னு அங்க வாயைத் திறக்காதீங்க. உடம்புக்கு என்னமோன்னு நினைப்பாங்க" என்று என் மனைவி பஸ்ஸிலேயே எச்சரித்தாள்.

பெண்ணும் என் மகனும் ஒரே துணிக்கடையில் வேலை செய்கிறார்கள். ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போனதால்தான் நாங்கள் போனோம். காரியத்தைக் கெடுக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் பாக்கி.

பெண் காபி கொண்டுவந்தாள். எல்லோரும் குடித்தார்கள். என் டம்ளரில் ஆடை படிந்தது. புது மனிதர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, சக்கரை பத்தலையா?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லைங்க."

"ஸ்வல்பமாவது, கொஞ்சமாவது குடிங்க."

"கூடாதுங்க. லிவரு..."

பெண்ணின் தாய்மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தினமுமா, சனி ஞாயிறு மட்டுமா?"

"இவரா?" என்று சீறினாள் என் மனைவி. "இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்துதும்பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. பெண் வெறும் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் தரையைப் பார்த்தான். அந்த இரண்டு முகங்களையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

"நாளைக்கு அவங்க கொடுக்கற மாத்திரையே காபிச் சத்துதாங்க. லிவர்ல என்சைம்னு ஒண்ணு இருக்காம், அதுதான் இதைக் கரைக்குமாம். ஒரு நாள் சத்தை மட்டும் கொடுப்பாங்க. இன்னொரு நாள் கூடவே வேற மருந்தும் கொடுப்பாங்க. அந்த மருந்து என்சைமோட வேலையைத் தடுக்குதான்னு ரத்தத்துல பாப்பாங்க. இப்ப நான் இதைக் குடிச்சிட்டுப் போனா, உங்க வீட்டுக் காபியும் கணக்குல சேர்ந்துடும்."

என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

"அப்ப லிவர் கெட்டவங்களை எடுக்க மாட்டாங்களா?" என்றார் தாய்மாமன். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டார்.

"கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. ரத்தம், மூத்திரம், ஈசிஜி எல்லாம் பாத்துத்தான் என்னை எடுத்தாங்க."

பெண்ணின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாப்பிள்ளைக்குக்கூட நாம இத்தனை செக்கப் பண்ணலையேப்பா!"

பெண் வந்து ஆறிப்போன டம்ளரை எடுத்தாள். "மாமா, மோர் குடிக்கலாமில்ல?"

மாமா என்றதும் என் மனைவி என்னைப் பார்த்தாள். மோர் கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. வந்த மோரில் உப்பு தூக்கலாகவே இருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு டம்ளர் கேட்டேன்.