தோணியடியில் ஒட்டியிருந்த சொந்தம்

மூன்று வருடமாகத் தசைப் புரதங்களை ஆராய்கிறேன். அதில் பாதிக் காலம் கடற்பீச்சி என்ற சிறு விலங்கோடு கழிந்தது. ஆனால் உயிரோடு ஒன்றைக் கண்டதில்லை. ஆய்வுகூடத்துக்கு வருவதெல்லாம் உறைந்த மாதிரிகள். அந்த வெட்கம் தாங்காமல்தான் கடந்த ஜூலையில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். மழையற்ற மாதங்களில், அங்கே கடலோடு சேரும் வாவியின் முகத்துவாரப் பக்கம் உப்பு ஏறியிருக்கும். கடற்பீச்சிக்கு உப்பு வேண்டும்.

கொழும்பிலிருந்து பகல் பஸ், எட்டரை மணி நேரம். தேற்றாத்தீவில் ஒரு தோழி வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினால் ஆறரைக்கு முன்பே நகரம். அங்கிருந்து முகத்துவாரம் ஐந்து கிலோமீற்றர், ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய்.

தோழிக்குத் தெரிந்த மீனவர் யோகராசா தோணியோடு காத்திருந்தார். கூடவே அவர் மனைவி தவமணி அக்கா. நான் கைபேசியில் படத்தைக் காட்டினேன்.

“இதுக்கா கொழும்பிலருந்து வந்தீங்க?” என்றார் யோகராசா. “தோணிக்கடியில புடிக்கிற சனியன் இது. மாசம் ஒருக்காச் சுரண்டுறம்.”

தவமணி அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நங்கூரக் கயிற்றைத் தூக்கினார். கயிறு முழுக்க வழவழப்பான படலமும் பைகளும். ஒரு பையை அழுத்தியதும் முகத்தில் தண்ணீர் பீச்சியது. “அடியே!” என்று சிரித்துவிட்டார்.

எனக்கு வேண்டியது அந்தப் படலம். அந்தப் பைகளைப் போல அதுவும் கடற்பீச்சிதான், கூட்டமாக வாழும் வகை. உள்ளே குஞ்சுகளைச் சுமக்கும். இருட்டில் வைத்திருந்து வெளிச்சம் காட்டினால் அவை வெளியே நீந்தும். ஒரு வாளியில் எடுத்து, கறுப்புத் துணியால் மூடி, அக்கா வீட்டு நிழலில் வைத்துவிட்டுத் தேற்றாத்தீவு திரும்பினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு வாளியைத் திறந்தேன். அழுகல் நாற்றம். எல்லாம் செத்துக் கிடந்தன. அன்று பகல் எனக்குத் திரும்பும் பஸ். அழுகை வந்துவிட்டது.

“அழாதீங்க,” என்றார் தவமணி அக்கா. “வாளிக்குள்ள மூச்சு முட்டுமெண்டு எனக்கு நேத்தே தெரியும். சொன்னா நீங்க படிச்ச ஆள், கோவிப்பீங்களெண்டு சொல்லல்ல. கொஞ்சத்த வேறயா வச்சிரிக்கன்.”

ஓட்டை போட்ட ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கானைத் தோணியோரம் தண்ணீருக்குள் கட்டி வைத்திருந்தார். அதற்குள் படலம் பளபளவென்று உயிரோடு இருந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு வெயிலில் வைத்தோம். இருபது நிமிடத்தில் முதலாவது குஞ்சு வந்தது. தவளைக்குஞ்சு போல ஒரு தலை, ஒரு வால், நீளம் இரண்டு மில்லிமீற்றர். கைவில்லை என்ற சிறு பூதக்கண்ணாடியில் பார்த்தால் வால் துடித்த துடிப்பு!

அக்காவுக்கு மெல்ல விளக்கினேன். தசையைச் சுருங்க வைக்கும் புரதங்களில் ஒன்று அக்தின். இந்த வாலில் உள்ள அக்தின் நம் கைத்தசையில் உள்ளதை ஒத்திருக்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் எவ்வளவு தசை இருந்தும் அவற்றின் அக்தின் அப்படி இல்லை. இதற்கு முதுகெலும்பு கிடையாது. அப்படியென்றால், முதுகெலும்பு தோன்றுவதற்கு முன்பே நம் தசைக்கான புரதம் தயாராகிவிட்டது.

“அப்ப, இறாலவிட இதா எங்களுக்குச் சொந்தம்?”

“ஓம் அக்கா.”

அவர் கைவில்லையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “என்ன வேகம் பாருங்க,” என்று கணவரைக் கூப்பிட்டார். யோகராசாவும் குனிந்து பார்த்தார். கிண்ணத்தில் வெயில் ஏறாமல் தன் தொப்பியைக் கழற்றிப் பிடித்தார்.

போக விரும்புவோருக்கு: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை போங்கள். தோணிக்கு ஒரு காலைக்கு மூவாயிரம் கொடுத்தேன். பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை போதும். மாதிரி எடுத்துச் செல்வதானால் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பார்ப்பதற்கென்றால் பார்த்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வாளியை நம்பாதீர்கள். எங்கே, எப்படி வைப்பது என்று அங்குள்ளவர்களிடம் முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் மூன்று வருடப் படிப்பு அந்த வாளிக்குள் செத்தது. நான் பார்த்ததெல்லாம் தவமணி அக்கா காப்பாற்றித் தந்தது.