இராயப்பரின் வலையில் பழைய மீன்

1. ரிஜெக்ட்

ஓவியராகி நான் வரைந்த முதல் பெரிய படத்தை, மீன் விற்கும் மேர்சியக்கா அரை நிமிடத்தில் நிராகரித்தார்.

கற்பிட்டிக் கரையில், எங்கள் ஊர்க் கோயிலின் பழைய படத்துக்குப் பதிலாக வரைந்த படம் அது. ஆறடி அகலம். இயேசு சொன்ன இடத்தில் சீடர் இராயப்பர் வலை வீச, வலை கிழியும் அளவுக்கு மீன் அகப்படும் காட்சி. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஃபாதர் ஊராரைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் இராயப்பரின் கைகளைப் புகழ்ந்தார்கள். மேர்சியக்கா மட்டும் குனிந்து வலைக்குள் பார்த்தார்.

"பிள்ளை, இது எண்டைக்குப் பிடிச்ச மீன்?"

"இப்பத்தான் அக்கா. கர்த்தர் சொன்னவுடன பிடிச்சது."

"கண்ணைப் பாரு, உள்ளுக்குப் போயிருக்கு. கர்த்தர் குடுத்ததெண்டாலும் நான் இதை வாங்க மாட்டன்."

படகுக்காரர்கள் கிட்ட வந்து பார்த்தார்கள். ஒருவர் மூக்கைப் பொத்தினார். எண்ணெய்ச் சாயத்தின் மணத்துக்குத்தான் என்று இன்றுவரை என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஃபாதர் மெதுவாகச் சொன்னார்: "மீனைத் திருத்தினா திருவிழாவுக்குத் திறப்பம் மகள். இல்லாட்டி பழைய படமே இருக்கட்டும்."

2. கதிரை

அவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அப்படியில்லை. ஏனென்று சொல்கிறேன்.

சிலாபத்தில் ஒரு மீன் ஏற்றுமதித் தொழிற்சாலையின் லேபில் பதினொரு வருடம் மைக்ரோபயோலொஜிஸ்டாக இருந்தவள் நான். சாம்பிளில் பக்டீரியா எண்ணுவேன். கண், செவுள், மணம் பார்த்து 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' எழுதுவேன். ரிப்போர்ட்டின் ஓரத்தில் மீன்களை வரைவேன். ரிப்போர்ட்டைவிட ஓரம் நன்றாக இருந்தது.

வேலையை விட்டேன். இத்தாலியில் ஓவியம் படித்துவிட்டு வந்த ஒரு மாஸ்டரிடம் கொழும்பில் மூன்று வருடம் பயின்றேன். முதல் வருடம் சாயம் தொட விடவில்லை. கரித்துண்டும் சாந்துச் சிலைகளும்தான். ஒரு சாந்துக் காதை மட்டும் ஆறு வாரம் வரைந்தேன். மாஸ்டரின் சட்டம் ஒன்றே: "காணுறத வரை. தெரிஞ்சத வரையாத."

அந்தச் சட்டப்படிதான் படத்துக்கு ஒரு பாரை மீனை வாங்கி ஐஸில் வைத்து நான்கு நாள் வரைந்தேன். கண்டதைக் கண்டபடியே வரைந்தேன். மீனோ ஐஸிலும் நாளுக்கு நாள் கிழடாகிக்கொண்டிருந்தது. கண் குழிந்தது, செவுள் மண்ணிறமானது. லேபில் அந்த மீன் என் மேசைக்கு வந்திருந்தால் நானே ரிஜெக்ட் எழுதியிருப்பேன்.

எனக்குப் பின் லேபுக்கு வந்தவர் வெளிநாடு போய்விட்டார். மனேஜர் போன் எடுத்திருந்தார்.

"திருவிழா வரைக்கும் உங்கட கதிரையில ஒருத்தரையும் இருத்த மாட்டன் மிஸ். படம் சரிவராட்டி வாங்க."

சரிவராவிட்டால் போகிறேன் என்று கணவர் அன்ரனுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கதிரையை நினைத்தாலே எனக்கு இடுப்பு வலித்தது.

3. பத்து நிமிடம்

மறுநாள் விடிய, சாயப் பெட்டியோடு கரைக்குப் போனேன். படகிலிருந்து இறங்கிய மீனின் நிறம் பத்து நிமிடத்தில் மாறத் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு சிறு பலகையில் கண்ணையும் செவுளையும் பிடிக்கவேண்டும். மேர்சியக்கா பக்கத்தில் குந்தியிருந்து நேரம் சொன்னார்.

"கெதியா, கெதியா. பச்சை போகுது."

வாங்க வந்தவர்களையும் அவரே மறித்தார். "கொஞ்சம் நில்லுங்க, இது படத்துக்கு நிக்குது."

ஒரு நாளைக்கு ஒரு மீன். பன்னிரண்டு மீன்களை அப்படிப் பிடித்து, வீட்டில் படத்து வலையிலிருந்த பழைய மீன்களைச் சுரண்டி எடுத்து, புதிதாக நிரப்பினேன்.

4. பாஸ்

திருவிழாவன்று மேர்சியக்கா மறுபடி குனிந்தார்.

"ஓம். இது காலமை வந்தது."

சிலாபத்திலிருந்து மனேஜரும் வந்திருந்தார். பழக்கதோஷம், இராயப்பரை விட்டுவிட்டு மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாஸ், மிஸ்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப உங்கட கதிரைக்கு நாளைக்கு ஆள் எடுக்கிறன்."

நான் கோயிலென்றும் பாராமல் அழுதேன். சந்தோஷம்தான்.

வேலையை விட நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தாராளமாக விடுங்கள். ஆனால் அங்கே கற்றதை மேசையிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். நான் வைத்துவிட்டு வந்ததை மேர்சியக்காதான் எடுத்துத் தந்தார்.