கபூர் பாய் சொன்ன பெயர்கள்

நெல் அறுப்பு மிஷின் சத்தத்தில் போன் மணி கேட்கவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தேன். "அண்ணன் போயிட்டாரு நைனா" என்றார் கபூர் பாயின் தம்பி. சேற்றுக் காலோடு உத்திரமேரூருக்கு ஓடினேன்.

அங்கே கடைத்தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தவர், நம் பெருநகர் கிராமத்துப் பொங்கல் விளையாட்டில் இருபது வருடம் மைக் பிடித்தவர் என்றால் இதைப் படிக்கும் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அவர் குரலே காதில் ஒலிக்கும். விளையாட்டுக் குழுச் செயலாளர் என்ற முறையில் அவரோடு அதிகம் சண்டை போட்டவன் நான்.

சண்டைக்குக் காரணம் அமெரிக்கா. எடைக்கு வந்த பேப்பர்க் கட்டுக்குள் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஓடி, தாண்டி, நீந்தி, யாரும் கண்டுகொள்ளாமல் போனவர்களைப் பற்றியது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் அதிலிருந்து ஒரு பெயரைச் சொல்லி, "இந்த ஓட்டம் அவருக்கு" என்பார். கறுப்பர் என்பதால் சக வீரர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாத ஒருவர். பதக்கம் வாங்கியும் ரயிலடியில் மூட்டை தூக்கிய ஒருவர். பெண் என்பதால் நேரமே குறிக்கப்படாத ஒருத்தி. கோட்டில் நிற்பவர்கள் அதுவரை வெயிலில் காய்வார்கள்.

"பாய், உள்ளூர்க்காரன் பேர சொல்லு. அமெரிக்காக்காரன் இன்னா பெருநகருக்கா வரப்போறான்?" என்று ஒருமுறை மைக்கைப் பிடுங்கினேன். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். "ஜெயிச்சவன் பேர ஊரே சொல்லும் நைனா. இவங்களுக்கு யாரு கீறாங்க?"

அந்தப் புத்தகம் ஒருநாள் தவறுதலாகப் பழைய பேப்பர் லோடோடு போய்விட்டது. சர்க்கரையில் கண்ணும் போன பிறகு எல்லாப் பெயரும் அவர் தலையில் மட்டும்தான். போன ஆவணியில் கூப்பிட்டார். "ஒரு நோட்டு எடுத்துக்கினு வா நைனா. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ. எனக்கப்புறம் நீதான் மைக்ல சொல்லணும்." நாளைக்கு வருகிறேன் என்றேன். அப்போது மிஷின் கிடைப்பது குதிரைக் கொம்பு. மறுநாளும் கூப்பிட்டார்; மறுநாளும் அதையே சொன்னேன். நான்காம் நாள் தம்பியின் போன்தான் வந்தது. நெல் ஒரு நாள் பொறுத்திருக்கும். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். பெண்கள் நூறு மீட்டர் ஓட்டம். எல்லோரும் கோட்டில் நின்றார்கள். "பாய் சொல்ற மாதிரி ஒரு பேர சொல்லுப்பா" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். இத்தனை வருடம் காதில் விழுந்த பெயர்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பிறகு போனில் தேடியும் பார்த்தேன். எத்தனையோ பெயர்கள் வருகின்றன; எது அவர் சொன்னது என்று தெரியவில்லை. அன்றைக்கு விசில் ஊதி ஓட்டத்தைத் தொடங்கிவைத்ததோடு சரி.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். பெயரைச் சொல்வதற்கு முன் மைக்கில் அவர் ஒரு மூச்சு இழுப்பார். வரப்பில் தனியாக நடக்கும்போது அது எனக்குப் பின்னால் தெளிவாகக் கேட்கிறது. நின்று காத்திருக்கிறேன். பெயர் வருவதில்லை.