கர்ப்பூரத்தை அணைத்த ரேடியேட்டர் ஃபேன்

"பிள்ளையார் ஊர்வலத்துக்கு வண்டி உன்னுதுதான் தனபாலு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். போன வருஷம் அந்த ஃபேன் எப்படித் தப்பா ஓடுச்சோ, இந்த வருஷமும் அப்படியே தப்பா ஓடணும்."

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்த நாகராஜண்ணா, காபி டம்ளரைக் கீழே வைக்காமலே இப்படிச் சொன்னார். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருப் பிள்ளையார் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

சரியாக ஓடும் ஒன்றைத் தப்பாக ஓட வை என்று யாராவது கேட்பார்களா? என்னிடம் கேட்டிருக்கிறார்கள் பிள்ளைகளே! ஏன் கேட்டார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

என் வண்டி ஒரு பழைய பிக்கப். வருஷம் முழுக்க வைட்ஃபீல்டு அபார்ட்மென்ட்டுகளுக்குக் கட்டிலும் ஃப்ரிட்ஜும் ஏற்றிப் போகும். ஒரே ஒரு நாள் பிள்ளையாரை ஏற்றிப் போகும். அந்த ஒரு நாளை வைத்துத்தான் என் மகள் கயல் எல்லா நாளும் அதைப் 'பிள்ளையார் வண்டி' என்பாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஊர்வலத்தில் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அவளுக்கு அது விமானத்தில் போவது மாதிரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விமானம் நடுத்தெருவில் நின்றுவிட்டது.

இன்ஜின் ஓடினால் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து, முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் ஆற வைக்கும். டீயை நாம் ஊதி ஆற்றுகிறோமே... அது மாதிரி ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன் இருக்கும். வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றை அது உள்ளே இழுக்கும். என் வண்டியில் அந்த ஃபேனை இன்ஜினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். இன்ஜின் வேகமாக ஓடினால் ஃபேனும் வேகமாக ஓடும். இன்ஜின் சோம்பினால் ஃபேனும் சோம்பும்.

ஊர்வலத்தில் வண்டி எப்படிப் போகும்? தமட்டை என்கிற பறையை அடித்துக்கொண்டு தமட்டைக்காரர்கள் ஆடுகிற வேகத்தில். நாலடி போகும், நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபேன் தூங்கிக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் தண்ணீர் கொதித்து பானெட்டிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது. எல்லோரும் முதலில் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வண்டி நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது.

பிள்ளையாரை இறக்கி, பக்கத்துத் தெரு மஞ்சுநாத்தின் புது வண்டியில் ஏற்றினார்கள். கயல் என்னோடு நடந்து வந்தாள். வழியெல்லாம் மஞ்சுநாத்தின் வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை...

அதனால்தான் போன வருஷம் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது என்று முடிவு செய்தேன். அது பேட்டரியில் ஓடும். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் அது முழு வேகத்தில் சுற்றும். சூடு ஏறினால் தானாக ஓடும், இறங்கினால் தானாக நிற்கும். சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் ஒரு காரிலிருந்து கழற்றிய ஃபேன் கிடைத்தது. பழைய பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இதை மாட்டினேன். வயர் வேலைக்கு எங்கள் கீழ்வீட்டு சேகரைக் கூப்பிட்டேன். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர்.

ஃபேனிலிருந்து இரண்டு வயர் வந்தது. எண்ணெய் அழுக்கில் இரண்டும் ஒரே கறுப்பு.

"சேகரு, எது ப்ளஸ், எது மைனஸ்?"

"அட, ஃபேனுக்கு ஏதுண்ணா அதெல்லாம்? உங்க வீட்டு டேபிள் ஃபேன் ப்ளக்கைத் திருப்பிச் சொருகிப் பாருங்க. ரிவர்ஸ்லயா ஓடுது? நான் எத்தனை ஃபேன் மாட்டியிருக்கேன்!"

நியாயமாகத்தான் பட்டது.

மாட்டி முடித்து, சோதனைக்காக நேராகப் பேட்டரியில் இணைத்துவிட்டு, இருவரும் வண்டிக்கு முன்னால் வந்து நின்றோம். ஃபேன் ஓடியது. காற்று எங்கள் முகத்தில் ஜில்லென்று அடித்தது. சேகர் முடி பறந்தது.

"எப்படி? சக்கத்தா இருக்கா?" என்றார்.

சக்கத்தாகத்தான் இருந்தது. சூப்பர் என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம். நாங்கள் எந்தப் பக்கம் நின்றிருந்தோம், காற்று எந்தப் பக்கம் வந்தது என்று இருவரும் யோசிக்கவில்லை. உங்களில் சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.

மறுநாள் ஊர்வலம். எப்போதும் போல் தூறல். முன் பக்கம் வாழைக்கன்று, கலர் பேப்பர் தோரணம். முன் சீட்டில் கயல். பின்னால் கொஞ்சம் தள்ளி, காலி வண்டியோடு மஞ்சுநாத்.

"நீ எதுக்குப்பா வர்ற?" என்றேன்.

"சும்னே வர்றேண்ணா" என்று சிரித்தான். சும்மா வருகிறானாம்! கல்யாண வீட்டுக்கு ஆம்புலன்ஸ் சும்மா வந்த மாதிரி.

முதல் இரண்டு வீட்டில் ஆரத்தி நன்றாக நடந்தது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை. மூன்றாவது சரசக்கா வீடு. தட்டில் கர்ப்பூரம் ஏற்றி, வண்டிக்கு முன்னால் நின்று பிள்ளையாரைப் பார்த்துத் தூக்கினார். பொசுக்... அணைந்தது. மறுபடி ஏற்றினார். பொசுக். கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினார். கர்ப்பூரக் கட்டியே தட்டிலிருந்து உருண்டு ஓடியது.

நாலாவது வீட்டில் விபூதித் தட்டு. தட்டில் இருந்த விபூதி முழுவதும் அந்த வீட்டுக்காரர் முகத்துக்குப் போய்விட்டது. தமட்டைச் சத்தத்தில் ஃபேன் சத்தம் யாருக்குக் கேட்கும்?

"சாமிக்கு என்னமோ கோவம்" என்று ஒரு குரல்.

"வண்டி ராசி சரியில்லப்பா" என்று இன்னொரு குரல். பின்னால் மஞ்சுநாத் 'பீம்' என்று ஒரு ஹாரன் கொடுத்தான்.

நாகராஜண்ணா என் ஜன்னலில் தலையை விட்டார். "தனபாலு, பேஜாரு பண்ணிக்காத, வருத்தப்படாத. இன்னொரு கர்ப்பூரம் அணைஞ்சா பிள்ளையாரை அந்த வண்டிக்கு மாத்திடுவோம்."

கயல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நான் இறங்க மாட்டேன்."

அடுத்த வீட்டில் தீப்பெட்டி உரசுவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு தமட்டைக்காரர், தூறலில் தொப்பலாக நனைந்தவர், ஆடிக்கொண்டே வண்டிக்கு நேர் முன்னால் வந்தார். நின்றார். கையை நீட்டிப் பார்த்தார்.

"டேய், இங்க வாங்கடா! சூடா காத்து வருதுடா! யானை மூச்சு விடுற மாதிரியே வருது!"

ஒரு நிமிஷம் தமட்டை நின்றது. சரசக்கா கையை நீட்டினார். "ஆமா... பிள்ளையார் மூச்சு விடுறாரு!"

அவ்வளவுதான். அணைந்த கர்ப்பூரமெல்லாம் அந்த நொடியில் நல்ல சகுனமாகிவிட்டது. வண்டிக்கு முன்னால் க்யூ! சளியும் ஜுரமுமாக இருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் கடைச் சாவியைக் காட்டினார். ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு தம்பி, "எக்ஸ்க்யூஸ் மீ ப்ரோ, டூ மினிட்ஸ்" என்று சொல்லி, நனைந்த சாக்ஸைக் கழற்றிக் காட்டினார். அவருக்கு பக்தியா, சாக்ஸ் காய வேண்டுமா? இன்றுவரை தெரியவில்லை.

நாகராஜண்ணா சட்டென்று சட்டத்தை மாற்றினார். "ஆரத்தியெல்லாம் சைடுல காட்டுங்கம்மா! முன்னாடி மூச்சு மட்டும்!"

கூட்டத்தில் வந்துகொண்டிருந்த என் மனைவி மலர் மட்டும் கும்பிடவில்லை. முன்னால் கட்டிய தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வண்டிப் பக்கம் சாயாமல், முன்னால் நீட்டிக்கொண்டு படபடவென்று அடித்தது. ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏங்க, உள்ள இழுக்கிற ஃபேன் வெளிய ஊதுது. இன்ஜின் அனலெல்லாம் இவங்க மூஞ்சில வந்து அடிக்குது. நீங்களும் அந்த சேகரும் என்னத்த மாட்டுனீங்க?"

எனக்கு உடம்பே சில்லிட்டது. வண்டியிலேயே குளிர்ச்சியாக இருந்தது அப்போது நான் ஒருவன்தான்.

சொல்வதா, சும்மா இருப்பதா? சொன்னால் வண்டி போகும். கயல் மறுபடி நடப்பாள். சும்மா இருந்தால்... ஒரு அம்மா, குழந்தையின் ஜுரம் இறங்கும் என்று நம்பித் தூக்கிக் காட்டுகிறாரே! கயலைப் பார்த்தேன். மலர் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது. என் சட்டையை விட்டுவிட்டாள்.

இறங்கிப் போய் கமிட்டி மைக்கை வாங்கினேன்.

"எல்லாரும் கேளுங்க! இது ரேடியேட்டர் காத்து!"

"ஜே!" என்றது கூட்டம்.

"ஃபேன் வயர் மாறிப்போச்சு!"

"ஜே!"

"குழந்தைக்கு ஜுரம்னா டாக்டர்கிட்ட போங்க!"

"ஜே!"

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி உண்மை பேசுவது? நாகராஜண்ணா என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ஃபேன் உன்னுதுதான், யாரு இல்லன்னா? வயரை மாத்துனது யாரு?"

"சேகர்."

"சேகருக்கு மாத்திக் குடுக்கத் தோணுச்சே... அதைத் தோண வெச்சது யாரு?"

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வயர் மாட்டியவரையே கேட்கலாம் என்று திரும்பிப் பார்த்தால் சேகர் கழுத்தில் மாலை!

மஞ்சுநாத்தின் வண்டி கடைசிவரை காலியாகவே வந்தது. பிள்ளையார் என் வண்டியிலேயே, சிலைகளைக் கரைக்கிற ஏரிக்கரைக் குளம் போய்ச் சேர்ந்தார். கயல் ஜன்னலில் கை வைத்து ராணி மாதிரி வந்தாள்.

திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. காலி ரோட்டில் வேகமாகப் போனால் வெளிக்காற்று உள்ளே வரப் பார்க்கிறது, ஃபேன் காற்று வெளியே போகப் பார்க்கிறது. ஒரே கதவில் இரண்டு பேர் மோதிக்கொண்டு நிற்கிற மாதிரி. சூட்டு முள் ஏறுகிறது! டிராஃபிக்கில் மாட்டினால் இறங்குகிறது! பெங்களூரில் டிராஃபிக்கைத் தேடித் தேடிப் போன டிரைவர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன். ஃபேன் ஒழுங்காக உள்ளே இழுத்தது. வீட்டுக் கரன்ட் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுமாம், அதனால் ப்ளக்கைத் திருப்பினாலும் ஒன்றுதான். பேட்டரிக் கரன்ட் ஒரே பக்கம்தான் ஓடும். உங்கள் பொம்மைக் கார் மோட்டாரை ஒரு பென்சில் செல்லில் இணைத்து, வயரை மாற்றிப் பாருங்கள். சக்கரம் ரிவர்ஸில் போகும். பென்சில் செல் மட்டும்தான், சரியா? வீட்டு ப்ளக்கில் கை வைக்கக் கூடாது. அப்பாவாகச் சொல்கிறேன்.

இதுதான் போன வருஷக் கதை. இப்போது நாகராஜண்ணா கண்டிஷன் போடுகிறார். "நீ முடியாதுன்னா மஞ்சுநாத் ரெடி. சேகர்கிட்ட வயரிங்குக்குச் சொல்லி வெச்சிட்டான்!"

மூன்று நாள் யோசித்தேன். கயலிடமும் கேட்டேன். "ஃபேனைத் திருப்பிக்கலாம்ப்பா. ஆனா ஃபேன்னு எழுதிப் போட்டுடணும்" என்றாள்.

எனக்கும் அது சரியென்று பட்டது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். மேலே தள்ளினால் உள்ளே இழுக்கும், கீழே தள்ளினால் வெளியே ஊதும். வண்டி முன்னால் கட்ட ஒரு போர்டும் தயார். 'இது ரேடியேட்டர் காற்று. சாமி மூச்சு அல்ல.' தமிழிலும் கன்னடத்திலும் கயலே பெயின்ட்டில் எழுதினாள். நேற்றுச் சாயங்காலம் வாசல் சுவரில் சாய்த்துக் காய வைத்தோம்.

இன்று காலை பார்க்கிறேன். போர்டின் மேல் ஒரு செம்பருத்தி. தமிழிலும் கன்னடத்திலும் 'அல்ல' என்ற இடத்தில் மட்டும், எழுத்தே தெரியாதபடி அகலமாக ஒரு குங்குமப் பொட்டு.

வைத்தவருக்கு இரண்டு மொழியும் நன்றாகப் படிக்கத் தெரிந்திருக்கிறது!