மண்பிள்ளைக்கு மடி கொடுத்தவர்

கறுப்பையா எங்கள் வம்சத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் எங்கள் குடும்பக் குறிப்பில் தாய்மாமன் என்ற இடத்தில் அவர் பெயரே நிற்கிறது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தபின், கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் எங்கள் முன்னோர் வீட்டிலேயே இறந்தார். கொள்ளி வைத்தவரும் எங்கள் குடும்பத்தவரே. அதன் காரணத்தை எழுதி வைப்பது முறை.

இராமநாதபுரச் சீமையிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் கூட்டத்தோடு காட்டுவழி நடந்து வந்தவர் அவர். தம்புள்ளைக்கு அருகே வாந்திபேதியில் மனைவி இறந்தாள். கூட்டம் நிற்காது என்றதால் உடலை அரைகுறையாக மூடிவிட்டு நடந்தார். பிறகு ஹுன்னஸ்கிரியத் தோட்டமொன்றில், காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் ஸ்டோரில் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில், அடுத்த அறையான காம்பராவில் இருந்தவர்கள் என் தகப்பனாரின் பாட்டனார் முத்துலிங்கமும் அவர் மனைவி பாலம்மாவும்.

அவர்களுடைய மூத்த மகள் இருளாயி. குலதெய்வமான இருளப்பசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். கோயிலோ கடலுக்கு அப்பால். பாலம்மாவின் உடன்பிறந்தான் உயிரோடு இல்லை. ஆகவே கண்டியிலிருந்து வந்த தட்டாரைக் கொண்டு, கறுப்பையாவின் மடியில் வைத்து, லயத்து வாசலிலேயே குத்தினார்கள். அன்று முதல் அவர் முத்துலிங்கத்துக்கு மச்சான்.

அடுத்த மழைக்காலத்தில் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பிழைத்தாள், ஆனால் பேசிக்கொண்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக நின்றன. பயந்திருக்கிறாள் என்று பெற்றோர் எண்ணினர். ஒருநாள் ஸ்டோரில் இயந்திரத்தின் இரும்புச் சக்கரம் பெருஞ்சத்தத்தோடு பிளந்தபோது பெரியவர்களே அலறி ஓடினார்கள். வெளியே புல்லில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த இருளாயி மட்டும் காப்பிக் கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்பையாவுக்கு விளங்கிவிட்டது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று பெற்றோரிடம் சொன்னார். பிறகு குழந்தையைத் தோளில் சுமந்து, பல்லேகல வழியாக அவர்களைக் கண்டிக்கு அழைத்துப் போனவரும் அவரே.

வைத்தியர் பின்னால் நின்று தகரத்தைத் தட்டிப் பார்த்தார். காய்ச்சல் செவி நரம்பைத் தின்றுவிட்டது, மருந்தில்லை என்றார்.

திரும்பும் வழியில் மகாவலி ஓடத்துறையில் பாலம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சல் இல்லண்ணே. எடம் மாத்திக் காது குத்துனோம். சாமி அடைச்சிருச்சு."

"மடியும்தான் மாறிப்போச்சு," என்றார் முத்துலிங்கம். "ஊரான் மடி."

லயத்துப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களும் கறுப்பையாவின் காதுபடவே பேசினார்கள்: "நல்ல மாமன் மடிதான். பிள்ளைக்குப் பூட்டே போட்டுருச்சு."

அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பும் கூட்டத்தோடு குழந்தையைக் கொண்டுபோய், கோயிலில் மறுபடி காது குத்துவதென்று முத்துலிங்கம் முடிவு செய்தார். மூட்டையும் கட்டியாயிற்று.

"கூப்பிட்டாத் திரும்பாத பிள்ளைய அந்தக் காட்டுலயா கொண்டு போறீங்க?" என்று கறுப்பையா கேட்டார். "ஆனை வந்தா அவளுக்கு யாரு சொல்லுவா? பேதி அந்த வழியிலயேதான் கெடக்கு. என் பொண்டாட்டியும் அங்கனதான் கெடக்கா."

"ஒன் மடியால வந்த வினை. நீ பேசாத."

"பேசல. நான் போறேன்."

நோயாளி வர முடியாவிட்டால் குயவரிடம் மண்ணுரு செய்து கோயிலில் வைப்பது ஊர்ப் பக்கத்து வழக்கம். அதைக் கறுப்பையா நினைவூட்டினார்.

"மண்ணுக்கா காது குத்துவாங்க?" என்றாள் பாலம்மா.

"குத்தச் சொல்றேன். மடி நான் குடுக்குறேன். நான் வர்ற வரைக்கும் பிள்ள இங்கனயே இருக்கணும். சத்தியம் பண்ணு தங்கச்சி."

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். அவர் நடந்தார். அந்தக் கூட்டத்தோடு போன சிறு பிள்ளைகளில் ஒன்றுகூடக் கரை சேரவில்லை என்று கேள்வி. உறுதி சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

அடுத்து காப்பி பூக்கும் காலத்தில் திரும்பியவரை லயத்து நாய்கூட அடையாளம் காணாமல் குரைத்தது. அவ்வளவு மெலிந்திருந்தார். கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றைக் கொடுத்தார். பாலம்மா அதைக் குழந்தையின் காதுகளில் பூசிவிட்டு, பின்னால் போய் நின்று பெயர் சொல்லி அழைத்தாள். உரக்க அழைத்தாள். பிறகு பித்தளைத் தட்டை அகப்பையால் அடித்தாள். குழந்தை திரும்பவில்லை.

"கோயிலுக்குத்தான் போனீங்களா?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

"போனேன்."

"முறையாச் செஞ்சீங்களா?"

"மண்ணு காயறதுக்குள்ள பூசாரி முள்ளால குத்துனாரு. ஆடாம உக்காந்திருந்தேன்."

"அப்புறம் ஏன்?"

"அப்ப அது காய்ச்சல்தான். மடியிலயும் தப்பில்ல, எடத்துலயும் தப்பில்ல. உங்க ரெண்டு பேரு மேலயும் இல்ல."

முத்துலிங்கம், அன்று கட்டியபடியே கிடந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். பாலம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏதோ ஒன்னு செஞ்சாச் சரியாயிரும்னு இருந்துச்சுண்ணே. இனி எதச் செய்ய?"

"பின்னாலருந்து கூப்பிடாத. அவ பாக்குற மாதிரி அவளுக்கு முன்னால போய் நில்லு."

அன்று அவளால் முடியவில்லை. மறுநாள் காலையில் போய் நின்றாள்.