கோசுப் பீப்பாய்கள் காலியாகும் வாரம்

துருப்பிடிக்காத கம்பியைக் கரியிழையில் நெய்த கரித்துணிக்குள் விரலகலத்துக்கு ஒரு தையலாகக் கோத்துக்கொண்டிருந்தன இரண்டு கைகள். கையுறை இல்லை, போட்டால் தையலின் இறுக்கம் தெரியாது. எட்டாவது துணியையும் காற்றுப் புகாத பெட்டிக்குள் இறக்கிவிட்டு, கழிவுநீர் வரும் குழாயைத் திறந்தாள் தோன்கா.

பால்கன் மலையடிவாரத்து அந்தச் சிற்றூரின் கழிவுநீர் நிலையத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒருத்திதான் காவலும் வேலையாளும். ஒருமுறை கல்லூரிக்காரர்கள் கண்ணாடிக் குடுவைகளோடு வந்து இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள், காற்றுப் படாத இடத்தில் கரித்துணியைப் பற்றிக்கொண்டு மின்சாரம் தரும் என்று அவர்கள் சொன்னது மட்டும் அவளிடம் தங்கியது. மிச்சத்தை ஆறு வருஷம் கெடுத்துக் கெடுத்துக் கற்றாள்.

ரொட்டிக்கடை வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கும். யாரும் கடுமையாகப் பேசியதில்லை. பேசியதே இல்லை. அவள் பேசியதெல்லாம் பெட்டியிடம்தான்.

நிலையத்துக்கு வரும் வழியில், பதினாறு வீட்டுத் தெரு ஒன்றின் கழிவுநீர் முதலில் போய்ச் சேரும் ஆற்றோரக் கிணற்றுக்கு மின்கம்பி கிடையாது. நீர் ஏறினால் காட்ட அங்கே ஒரு விளக்கு வேண்டும். அதற்குத் தன் பெட்டியின் மின்சாரமே போதும் என்றாள் தோன்கா. நீர்த்துறைப் பொறியாளன் கலோயன் கறாராகச் சொல்லியிருந்தான்: “இங்கேயே முப்பது நாள் நிக்காம மினுங்கட்டும், கிணத்துக்கு எடுத்துக்கறேன். ஒரு தடவை நின்னாலும் பேட்டரிதான். கோவிச்சுக்காதீங்கக்கா.”

பெட்டியோடு இணைத்த விளக்கு பத்து வினாடிக்கு ஒருமுறை மினுங்கியது. இருபத்து நான்காம் நாள் காலையில் மின்சாரம் குறைந்து நாற்பது வினாடிக்கு ஒன்றானது. இணைப்புகளில் குறை இல்லை. மூடியைத் திறந்தாள். புளித்த வாடை.

மார்ச் கடைசி. இலையுதிர்காலத்தில் உப்புநீரில் ஊறப்போட்ட முட்டைக்கோசு தீர்ந்து, வீடுதோறும் பீப்பாய் கழுவுகிற வாரம். மொத்தப் புளிப்பும் உப்பும் ஒரே மூச்சில் சாக்கடையில் இறங்கியிருந்தது.

ஒரு பிடி சமையல் சோடா போட்டால் புளிப்பு அடங்கும். பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். ஆற்றோரத்தில் யார் தினம் சோடா போடுவார்கள்? அலமாரியிலேயே வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். முதல் கதவைத் தட்டுமுன் கையைக் கோட்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.

கிழவர் ஹரலாம்பி திறந்தார்.

“பீப்பாய்த் தண்ணிய இன்னிக்கு ஊத்தாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு வீடுன்னு வச்சுக்கலாம்.”

“ஏன், உன் பூச்சிங்களுக்குப் புளிப்பு ஒத்துக்கலியா? குடிச்ச மறுநாள் எனக்கு அந்தத் தண்ணிதான் மருந்தே!”

“அதுங்க குடிக்கிறதில்லையே.”

கிழவர் சிரித்தார். “இத்தனை வருஷமா இந்தத் தெருவுல போற வர்ற, இன்னிக்குத்தான் வாயத் திறந்திருக்க.”

“நீங்களும் திறக்கலையே.”

சிரிப்பு நின்றது. “சரி. எனக்குப் புதன்கிழமை போடு.”

பதினாறு வீடுகள். இரண்டு திறக்கவில்லை. ஒருத்தி, நேற்றே ஊற்றிவிட்டதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். மற்றவர்கள் ஆளுக்கொரு நாள் குறித்துக்கொண்டார்கள். மறுநாள் எழுபது வினாடிக்கு ஒன்று. தோன்கா முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு இருட்டிலும் வினாடிகளை எண்ணினாள். பிறகு ஐம்பது, முப்பது வினாடி. முப்பதாம் நாள் பதினெட்டு. ஒருமுறையும் நிற்கவில்லை.

கலோயன் கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்தான். “நின்னுச்சா?”

“நிக்கல. ஆனா எழுபது வினாடி வரைக்கும் இழுத்துச்சு. கோசுத் தண்ணி. வருஷா வருஷம் மார்ச்சுல யாராவது பதினாறு கதவத் தட்டணும். எழுதிக்குங்க தம்பி.”

“சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே!”

“அடுத்த மார்ச்சுல கிணத்துக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவன் எழுதிக்கொண்டான். வேனின் பின்கதவைத் திறந்துவிட்டு வந்து பெட்டியின் மறுபக்கம் பிடித்தான்.

“சாய்க்காதீங்க. துணியில காத்துப் பட்டா மறுபடி முதல்லேருந்து.”

“பத்திரமாப் பார்த்துக்கறேன்க்கா. விடுங்க.”

முழுப் பாரமும் அவன் கைக்குப் போகும்வரை பெட்டியின் அடியைத் தாங்கியிருந்தாள். பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள்.